ஸ்கெட்ச் புத்தகத்தோடு செய்திக்குப் போவது

இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்ததும் நீங்கள் செய்யப்போகும் வேலை இது: விடியற்காலையில் ஓரிடத்துக்குப் போய், அங்கே நடப்பதை நேரில் பார்த்து வரைந்து, அங்கிருப்பவர்களிடம் பேசி, பேசியதைக் குறித்துக்கொண்டு திரும்ப வேண்டும். கையில் ஐந்தாறு படங்களும் அவற்றுக்குச் சரிபார்த்த விளக்க வரிகளும் இருக்க வேண்டும். ஓர் இதழில் இரண்டு பக்கத்துக்கு அது போதும். பயிற்சிக் களமாகச் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஊரில் அது ஆட்டுச் சந்தையாக இருக்கலாம், பூ மார்க்கெட்டாக இருக்கலாம், நெல் கொள்முதல் நிலையமாக இருக்கலாம். வேலையின் வரிசை ஒன்றுதான்.

ஓவியக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. நிற்பவர் நிற்பதாகவும் குனிந்தவர் குனிந்ததாகவும் தெரியும் அளவுக்குக் கை பழகியிருந்தால் போதும். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை: கண்ணால் கண்டதை மட்டுமே வரைய வேண்டும். காணாத ஒன்றைச் சேர்த்துவிட்டால் அது கதைக்குப் போட்ட படம். செய்தி என்று சொல்லி அதை யாரிடமும் நீட்ட முடியாது.

முன்னோடிகளிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை

லண்டனில் 1842-இல் தொடங்கிய ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ போர்க்களங்களுக்கே ஓவியர்களை அனுப்பிய இதழ். களத்தில் அவர்கள் வேகமாகக் கிறுக்கியதை லண்டனில் இருந்த செதுக்குக் கலைஞர்கள் மரக்கட்டையில் வெட்டி அச்சிட்டார்கள். போரைக் காணாத கைகள் படத்தை முடித்ததால் சில விவரங்கள் வழியில் மாறிப்போயின. அமெரிக்க உள்நாட்டுப் போரை வரைந்த ஆல்ஃபிரட் வாட், செதுக்குபவர்களுக்காகத் தம் படங்களின் மேலேயே குறிப்புகள் எழுதினார். அந்தத் தாள்கள் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. வரைந்த தாளிலேயே எழுதும் பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு நெருக்கமான முன்னோடிகள் வங்காளத்தில் இருக்கிறார்கள். 1943 பஞ்சத்தின்போது சித்தப்பிரசாத் மேதினிப்பூர் மாவட்டத்து ஊர்களுக்குப் போய், பட்டினி கிடந்தவர்களை மையில் வரைந்து, கூடவே எழுதவும் செய்தார். ‘ஹங்கிரி பெங்கால்’ என்ற பெயரில் அது நூலாக வந்தபோது பிரிட்டிஷ் அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. அதே பஞ்சத்தில் ஜைனுல் ஆபிதீன் கொல்கத்தா நடைபாதைகளில் கண்டதை மலிவான தாளில் தூரிகையும் மையும் கொண்டு வரைந்தார். சோம்நாத் ஹோர் 1946-இல் தேபாகா விவசாயிகள் போராட்டத்தை நாட்குறிப்பும் படமுமாகப் பதிவு செய்தார். விலை உயர்ந்த பொருளோ பெரிய பத்திரிகையின் ஆதரவோ இல்லாமல்தான் இத்தனையும் நடந்தது. தாள் நல்லதாகக் கிடைக்கவில்லை என்று வேலையைத் தள்ளிப்போடும்போதெல்லாம் ஆபிதீனின் தாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் இதழ்களிலும் இதற்கு வேர் உண்டு. ஆனந்த விகடனின் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காக ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய், சிற்பத்தின் எதிரே அமர்ந்து வரைந்தார். சிற்பம் அசையாது, மீன் சந்தை அசையும். எதிரே உட்கார்ந்து பார்ப்பது இரண்டுக்கும் பொது.

பையில் என்ன இருக்க வேண்டும்

குறைவாக எடுத்துச் செல்லுங்கள். ஒரு கையில் புத்தகமும் மறு கையில் பேனாவுமாக நின்றபடியே வேலை செய்ய முடிய வேண்டும்.

• ஏ5 அளவில் கெட்டி அட்டை போட்ட ஸ்கெட்ச் புத்தகம், 150 ஜி.எஸ்.எம். தாள். கிடைக்காவிட்டால் சாதாரண ஏ4 தாள்களைப் பரீட்சை அட்டையில் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள்.
• தண்ணீரில் கரையாத மைப் பேனா இரண்டு: 0.3, 0.5 முனைகள். கூடவே ஒரு பால்பாயிண்ட் பேனா. ஈரமான இடத்தில் கடைசிவரை கைகொடுப்பது அதுதான்.
• 4பி பென்சில் ஒன்று. ரப்பர் வேண்டாம். தப்பான கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள்.
• சாம்பல் நிற பிரஷ் பேனா ஒன்று, நிழலுக்கு. வண்ணம் முதல் நாள் தேவையில்லை.
• தாளை இறுக்கிப் பிடிக்க இரண்டு பெரிய கிளிப், கை துடைக்கத் துண்டு, புத்தகத்தைப் போட்டு மூட பிளாஸ்டிக் கவர், தண்ணீர் பாட்டில், தொப்பி.
• அடையாள அட்டை. பத்திரிகை அட்டை இல்லையென்றால் ஆதார் போதும். நீங்கள் யார் என்று கேட்டால் காட்ட ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

குறிப்பு: ஃபவுண்டன் பேனா மை ஈரம் பட்டால் கரையும். ஈர விரலால் இழுத்து நிழலாக்க அது வசதி. மீன் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் அதே குணம் ஒரு மணி நேர உழைப்பைக் கரைத்துவிடும். காசிமேட்டுக்கு அது வேண்டாம்.

போவதற்கு முந்தைய வாரம்

மூன்று பயிற்சிகள். ஒவ்வொன்றையும் தினமும் பத்து நிமிடம் செய்யுங்கள்.

1. பேருந்து நிறுத்தத்தில் நில்லுங்கள். நிற்பவர் ஒவ்வொருவருக்கும் முப்பது விநாடி. முகம் வேண்டாம், தலை, தோள் சாய்வு, உடல் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது மட்டும்.

2. டீக்கடையில் மாஸ்டரைப் பாருங்கள். ஆற்றுகிறார், ஊற்றுகிறார், காசு வாங்குகிறார், மறுபடி ஆற்றுகிறார். ஒரே பக்கத்தில் மூன்று உருவங்களைத் தொடங்கி, அவர் அந்தந்த நிலைக்குத் திரும்பும்போது அந்தந்த உருவத்தைத் தொடருங்கள். உழைப்பவர்களை வரைய முடிவது இதனால்தான். வேலை செய்பவரின் உடல் அதே நிலைக்குத் திரும்பத் திரும்ப வரும், காத்திருந்தால் போதும்.

3. ஒரு காட்சியை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, திரும்பி நின்று நினைவிலிருந்து வரையுங்கள். பிறகு மறுபடி பார்த்து எதைத் தவறவிட்டீர்கள் என்று எழுதுங்கள். இது எங்கே உதவும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இடத்தைப் பற்றி முன்கூட்டியே விசாரியுங்கள். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் வழக்கமான ஏலத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் வலை பின்னுபவர்கள், படகுக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள், இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பவர்கள் இருப்பார்கள். வருமானம் நின்ற வீடுகள் இருக்கும். அது வேறொரு செய்தி, ஒருவேளை இன்னும் முக்கியமான செய்தி. இரண்டில் எதை எழுதப் போகிறீர்கள் என்று புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அந்த முடிவை ஒரே கேள்வியாக எழுதி புத்தகத்தின் முதல் பக்கத்தில் வையுங்கள். “காசிமேடு மீன் சந்தை” என்பது தலைப்பு மட்டுமே. “ஒரு கூடை சங்கரா படகிலிருந்து தெருவுக்கு வருவதற்குள் எத்தனை கைகள் மாறுகிறது?” என்பது கேள்வி. கேள்வி இருந்தால் எதை வரைய வேண்டும் என்பது தானாகத் தெரியும். இல்லாவிட்டால் அழகாகத் தெரிகிற எல்லாவற்றையும் வரைந்துவிட்டு எதுவும் சொல்லாமல் திரும்புவீர்கள்.

களத்தில் செய்ய வேண்டியவை

1. விடியும் முன் போய்ச் சேருங்கள். பேனாவை எடுக்காமல் ஒரு சுற்று நடங்கள். மீன் எங்கே இறங்குகிறது, ஏலம் எங்கே, ஐஸ் எங்கிருந்து வருகிறது, வண்டிகள் எந்த வழியாக வெளியேறுகின்றன என்று பாருங்கள். இந்தச் சுற்றைத் தவிர்ப்பவர்கள் முதலில் கண்ட மூலையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்; செய்தி மறுமூலையில் நடந்துகொண்டிருக்கும்.

2. இடத்தைத் தேர்ந்தெடுங்கள். முதுகுக்குப் பின்னால் சுவர் அல்லது தூண், முன்னால் திறந்த காட்சி, பக்கத்தில் வெளியேறும் வழி. கூடை சுமப்பவர்களின் தடத்தில் கால் வைக்காதீர்கள்.

3. முதல் படம் இடத்தின் படம். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கண்மட்டக் கோட்டை முதலில் போடுங்கள். நீங்கள் நின்றபடி வரைந்தால், சமதளத்தில் நிற்கும் உங்கள் உயரத்துக்காரர்கள் எல்லோரின் கண்களும் அருகிலிருந்தாலும் தூரத்திலிருந்தாலும் அந்தக் கோட்டிலேயே வரும். தூரத்தில் இருப்பவருக்குக் கால் மட்டும் மேலே ஏறும். தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்தால் அதே கோடு நிற்பவர்களின் இடுப்பருகே வெட்டும். கூட்டத்தை நம்பும்படி வரைய இந்த ஒரு விதி போதும். பாதி வரைந்தபின் உட்காரவோ எழவோ செய்யாதீர்கள். கோடு மாறி, பாதிப் பேர் பள்ளத்தில் நிற்பார்கள்.

4. பக்கத்தின் மூலையில் உடனே எழுதுங்கள்: தேதி, நேரம், எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது.

5. இரண்டாவது வேலை, ஆட்கள். டீக்கடைப் பயிற்சியை இங்கே செய்யுங்கள். ஏலம் விடுபவரின் கை, கூடையைச் சாய்ப்பவரின் முதுகு, பணத்தை எண்ணும் பெண்ணின் குனிந்த தலை. ஒரு பக்கத்தில் ஐந்தாறு பேர். யாராவது பாதியில் போய்விட்டால் அந்த உருவம் பாதியாகவே நிற்கட்டும். முழங்காலோடு நின்றுபோன உருவம் அவர் அவசரமாகப் போனார் என்பதையும் சொல்கிறது.

6. மூன்றாவது, கைகளும் பொருட்களும். மீன் வெட்டும் அரிவாள்மனை, கத்தி, ஐஸ் உடைக்கும் கட்டை, கூடை, தராசு. இவற்றை நிதானமாக வரையுங்கள், இவை ஓடிப்போகாது. அளவு தெரிய பக்கத்தில் ஒரு கையையோ செருப்பையோ சேர்த்து வரையுங்கள்.

7. நான்காவது, ஒரே ஒருவரின் முழுப் படம். அவரிடம் அனுமதி கேட்டு, பேசிக்கொண்டே வரைய வேண்டும். கட்டுரையின் நடுப்படம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். குறைந்தது இருபது நிமிடம் ஒதுக்குங்கள்.

8. புறப்படும் முன் முதல் பக்கத்தின் கேள்வியைப் படியுங்கள். உங்கள் படங்களில் எந்தக் கண்ணி விட்டுப்போயிருக்கிறது? கூடை படகிலிருந்து இறங்கியதை வரைந்தீர்கள், ஏலத்தை வரைந்தீர்கள், ஆட்டோவில் ஏறியதை வரைந்தீர்களா? அதற்காக இன்னும் கால் மணி நேரம் நில்லுங்கள்.

வரையும்போது நடக்கும் பேட்டி

இந்த வேலையின் பெரிய பலம் இங்கேதான் இருக்கிறது. கேமராவுக்கு இது எளிதில் கிடைக்காது. போட்டோ எடுப்பவர் வந்த வேகத்தில் போய்விடலாம். நீங்கள் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்கள் செய்வது திறந்த பக்கத்தில் எல்லோருக்கும் தெரிகிறது. அதனால் அவர்களே வருவார்கள், எட்டிப் பார்ப்பார்கள், தப்பைச் சொல்வார்கள்.

“என்னா தம்பி, எழுதிக்கினே கீற?”

“படம் வரையிறேன்மா. பத்திரிகைக்கு. நீங்க மீன் வெட்டறதை வரையலாமா?”

“என்னிய வரைஞ்சு என்னா பண்ணப் போற? சரி, வரை. ஆனா அந்தக் கூடைய இவ்ளோ சின்னதாப் போடாத. அதுல எத்தினி கிலோ புடிக்கும்னு தெரியுமா?”

இந்தக் கடைசி வாக்கியத்தில் உங்கள் பேட்டி தொடங்கிவிட்டது. எத்தனை கிலோ என்று கேளுங்கள். கூடைக் கணக்கில் ஏலமா, கிலோக் கணக்கிலா? இன்று என்ன விலைக்குப் போனது? ஐஸுக்கு, ஆட்டோவுக்கு, கூடை தூக்கியவருக்கு எவ்வளவு? சொல்லச் சொல்லப் படத்தின் ஓரத்திலேயே எழுதுங்கள். அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும். எழுத்துத் தமிழுக்கு மாற்றினால் ஆளே மாறிவிடுவார்.

அனுமதி கேட்பதற்கு ஒரு நடைமுறை வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் சின்னதாகத் தெரியும் உருவங்களுக்குத் தனித்தனியே கேட்க முடியாது, அவசியமும் இல்லை. முகம் அடையாளம் தெரிகிற அளவில் ஒருவரை வரைந்தால் கேட்டே ஆக வேண்டும். முதலில் வரைந்துவிட்டுக் காட்டிக் கேட்கலாம். ஆனால் “வேணாம்” என்று சொன்னால் அந்தப் படம் அச்சுக்குப் போகக் கூடாது. எந்த இதழில், எப்போது வரும் என்று சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். குழந்தையை வரைந்தால் பெற்றோரிடம் கேளுங்கள். குழந்தை தலையாட்டியது மட்டும் போதாது.

எண்களை இரண்டு பேரிடம் கேட்பது அவசியம். விற்பவர் சொன்ன விலையை வாங்கியவரிடமும் கேளுங்கள். படம் நன்றாக வந்திருக்கிற மகிழ்ச்சியில் விலையைத் தப்பாக எழுதிவிட்டால் மொத்தப் பக்கமும் நம்பிக்கையை இழந்துவிடும்.

எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது

ஒரு மணி நேரம் வரைந்த படத்தில் ஒரு மணி நேரம் முழுதும் இருக்கிறது. ஐந்தரை மணிக்கு ஏலம் விட்டவரும் ஆறு மணிக்குக் கூடை தூக்கியவரும் ஒரே தாளில் அருகருகே நிற்பார்கள். இது பொய்யா? என் கருத்தில் பொய் இல்லை, மூன்று நிபந்தனைகளோடு: இருவரும் அதே இடத்தில் இருந்திருக்க வேண்டும், ஒரே அமர்வில் நீங்கள் அவர்களைக் கண்டிருக்க வேண்டும், விளக்க வரியில் “காலை 5.30 முதல் 6.30 வரை” என்று நேரத்தைச் சொல்ல வேண்டும். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவதுபோல வரைந்தீர்களானால், நடக்காத ஒரு சந்திப்பை உருவாக்கிவிட்டீர்கள். அங்கே எல்லை முடிகிறது.

விடுவதற்கு நிறைய உரிமை உண்டு. பின்னால் நிற்கும் பைக்குகள், விளம்பரப் பலகை, மின்கம்பி எல்லாவற்றையும் வரைய வேண்டியதில்லை. ஆனால் விடுவதும் ஒரு கூற்றுதான். சந்தையின் பாதிப் பேர் பெண்களாக இருக்க, உங்கள் பக்கத்தில் ஆண்கள் மட்டுமே இருந்தால் தவறான செய்தியைச் சொல்கிறீர்கள். குப்பையை விட்டுவிட்டுச் சூரிய உதயத்தை மட்டும் வரைந்தால் அது சுற்றுலாத் துறையின் காலண்டர்.

சேர்ப்பதில் உரிமை இல்லை. கண்ணீர் இல்லாத முகத்தில் கண்ணீர், கிழியாத சட்டையில் கிழிசல், கேட்காத வசனம், இவை எதுவும் கூடாது. துயரமான இடங்களுக்குப் போகும்போது கை தானாகவே மிகைப்படுத்தும். கோடு கறுக்கும், கண்கள் பெரிதாகும். அந்த நேரத்தில் முகத்தை விட்டுவிட்டுப் பாத்திரங்களை, கூரையை, கதவை எண்ணி எண்ணி வரையுங்கள். சரியாக வரைந்த காலிப் பானை எந்த மிகையும் இல்லாமல் வேண்டியதைச் சொல்லிவிடும்.

செல்போனில் போட்டோ எடுக்கலாம், குறிப்புக்காக. கடைப் பெயரின் எழுத்துக்கூட்டல், படகின் பதிவு எண், கொடியின் நிறம் ஆகியவற்றைச் சரிபார்க்க அது உதவும். படத்தையே போட்டோவிலிருந்து வரைந்தால் “புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது” என்று அடியில் அச்சிட வேண்டும். ஒருவர் சொல்லக் கேட்டு வரைந்தால் “நேரில் கண்டவர் சொன்னபடி வரைந்தது” என்று வேண்டும். படக்கதை வடிவில் செய்தி எழுதும் ஜோ சாக்கோ ‘பாலஸ்தீன்’ போன்ற நூல்களில் மக்கள் சொன்ன கடந்தகால நிகழ்ச்சிகளை வரைகிறார். யார் சொன்னார்கள் என்பதைப் பக்கத்திலேயே தெரியப்படுத்துகிறார். வாசகருக்கு அந்த வித்தியாசம் தெரிய வேண்டும். சியாட்டில் டைம்ஸ் நாளிதழில் பணியாற்றிய ஓவியச் செய்தியாளர் கேப்ரியல் கம்பனாரியோ 2007-இல் தொடங்கிய ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ என்ற உலகளாவிய குழுவின் கொள்கைகளிலும் களத்திலேயே வரைவதும் கண்டதற்கு உண்மையாக இருப்பதும் எழுதப்பட்டிருக்கின்றன.

பாதுகாப்பு

வரைபவரின் ஆபத்து ஒன்றுதான்: கண் தாளில் இருக்கும்போது உடலைச் சுற்றி நடப்பது தெரியாது. இரண்டு மூன்று கோட்டுக்கு ஒருமுறை தலையைத் தூக்கிப் பக்கவாட்டிலும் பாருங்கள்.

• துறைமுகத்தில் படகைக் கட்டியிருக்கும் கயிற்றின் வளையத்துக்குள் கால் வைக்காதீர்கள், அதன்மேல் உட்காராதீர்கள். படகு அசைந்தால் கயிறு சட்டென்று இறுகும்.
• தளம் மீன் எண்ணெயும் ஐஸ் தண்ணீருமாக வழுக்கும். பிடிப்புள்ள செருப்போ ஷூவோ போடுங்கள். நீரோரத்திலிருந்து சில அடி தள்ளியே இருங்கள்.
• கத்தி ஓடும் கையிலிருந்து ஒரு கை நீளத்துக்கும் அதிகமாகத் தள்ளி உட்காருங்கள். வெட்டுபவரின் முன்னால் அமர்ந்து திடீரென்று பேச்சுக் கொடுக்க வேண்டாம். அவர் தலை நிமிரும்வரை காத்திருங்கள்.
• போராட்டம், ஊர்வலம் என்றால் போலீஸுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நிற்காதீர்கள். ஓரத்தில், பக்கத் தெரு ஒன்றின் வாயருகே நில்லுங்கள். தள்ளுமுள்ளு தொடங்கினால் புத்தகத்தை மூடிவிட்டு நகருங்கள்; பாதுகாப்பான இடத்துக்குப் போய் நினைவிலிருந்து வரையலாம். அங்கே முகங்களை அடையாளம் தெரியும்படி வரைந்தால் பிறகு அவர்களுக்குத் தொல்லை வரலாம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.
• தனியாகப் போனால் எங்கே இருக்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

சட்டம் பற்றி இரண்டு செய்திகள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, 1923-ஆம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டம். தடை செய்யப்பட்ட இடங்கள் தொடர்பாக எதிரிக்குப் பயன்படக்கூடிய படம் வரைவதையும் அதன் மூன்றாம் பிரிவு குற்றமாக்குகிறது. கேமரா இல்லையே, பென்சில்தானே என்ற சமாதானம் செல்லாது. காசிமேடு சென்னைத் துறைமுகத்தை ஒட்டியது. மீன்பிடித் துறைமுகத்தை வரையுங்கள், பாதுகாப்புப் படையினரின் வளாகங்களையும் கப்பல்களையும் விட்டுவிடுங்கள். காவலில் இருப்பவர் கேட்டால் வாதாடாமல் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.

இரண்டாவது, அடையாளம். பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டமும் இளைஞர் நீதிச் சட்டமும் இன்னும் கண்டிப்பானவை. ஓவியம் என்பதால் விலக்கு உண்டு என்று எண்ணாதீர்கள். முகத்தை மட்டும் மறைத்தால் போதாது. வீட்டு வாசல், பள்ளிச் சீருடை, தெருப் பெயர், உடனிருக்கும் தாயின் முகம் எதுவும் காட்டிக்கொடுக்கலாம்.

வரைய அனுமதி இல்லாத இடத்தில்

இங்கிலாந்து, வேல்ஸ் நீதிமன்றங்களில் 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்றத்துக்குள் போட்டோ எடுப்பது மட்டுமல்ல, வரைவதும் தடை. அங்கே நீதிமன்ற ஓவியர்கள் உள்ளே அமர்ந்து கவனித்து, சொற்களில் குறிப்பெடுத்து, வெளியே வந்து நினைவிலிருந்து வரைகிறார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் குற்ற வழக்குகளைப் போட்டோ எடுக்கத் தடை உண்டு, வரைவதற்கு வழி உண்டு. 1955-இல் மாநில நீதிமன்றம் ஒன்றில் நடந்த, எம்மெட் டில் என்ற சிறுவனின் கொலை வழக்கை ஓவியர் ஃபிராங்க்ளின் மக்மேன் ‘லைஃப்’ இதழுக்காக வரைந்தார். நம் ஊர் நீதிமன்றத்துக்குப் போவதாக இருந்தால் நீதிமன்ற அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். கேட்காமல் புத்தகத்தைத் திறக்க வேண்டாம்.

நினைவிலிருந்து வரையும் முறை:

1. முழு இடத்தையும் முதலில் பாருங்கள்: யார் எங்கே, யாருக்கும் யாருக்கும் எவ்வளவு இடைவெளி.
2. ஒவ்வொருவருக்கும் ஒரே ஓர் அடையாளத்தைச் சொல்லால் மனத்தில் பதியுங்கள்: “இடது தோள் தாழ்ந்தவர்”, “மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றியவர்”.
3. வெளியே வந்ததும் யாரிடமும் பேசாமல் வரையுங்கள். ஒரு பேச்சு போதும், பாதி அழிந்துவிடும்.
4. நிச்சயமில்லாத பகுதியை வெற்றிடமாக விடுங்கள். ஊகித்து நிரப்பக் கூடாது.
5. “நினைவிலிருந்து வரைந்தது” என்று அடியில் எழுதுங்கள்.

அடிக்கடி நேரும் தவறுகள்

முகத்தில் தொடங்குவது. புருவமும் மூக்கும் வரைந்து முடிப்பதற்குள் ஆள் போய்விடுவார். தாளில் உடலில்லாத தலை மிஞ்சும். உடலின் சாய்வில் தொடங்குங்கள்.

வீட்டுக்கு வந்து படத்தை “முடிப்பது”. நிழலை ஆழமாக்கலாம், வண்ணம் குறித்திருந்தால் பூசலாம். புதிதாக ஆளோ பொருளோ நுழையக் கூடாது. அழகுக்காக மறுபடி வரைந்த படி பெரும்பாலும் களத்துப் படத்தைவிட உயிர் குறைந்ததாகத்தான் இருக்கும். கோணல் கோட்டை வெளியிடத் தயங்க வேண்டாம்.

எல்லாப் படமும் ஒரே தூரத்தில் இருப்பது. தூரத்துக் காட்சி, ஆள் உயரம், கை அளவு என்று மூன்று தூரமும் இல்லாவிட்டால் பக்கம் வடிவமைப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது.

பெயரைக் கேட்காமல் விடுவது. மற்றவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க முடியாது. இருபது நிமிடம் ஒருவரின் முகத்தைப் பார்த்துவிட்டு “மீன் விற்கும் பெண்” என்று எழுதுவது அவமதிப்பு. பெயர், வயது, எத்தனை ஆண்டாக இந்த வேலை, எந்தப் பகுதி என்று கேளுங்கள். அவர் சொல்ல விரும்பாவிட்டால், “பெயர் சொல்ல விரும்பவில்லை” என்று எழுதுங்கள்.

திரும்பிய பின்

1. அன்றே ஓரக் குறிப்புகளைத் தெளிவாகப் படியெடுங்கள். மறுநாள் உங்கள் கையெழுத்து உங்களுக்கே புரியாது.
2. ஒவ்வொரு படத்துக்கும் விளக்க வரி எழுதுங்கள்: யார், எங்கே, எந்தத் தேதி, எந்த நேரம், எந்த முறையில் வரைந்தது. படத்தில் ஏற்கெனவே தெரிவதைத் திரும்பச் சொல்ல வேண்டாம். கூடையின் எடையையும் அன்றைய விலையையும் சொல்லுங்கள்.
3. கோட்டுப் படங்களை 600 டி.பி.ஐ.யிலும் வண்ணப் படங்களை 300-லும் ஸ்கேன் செய்யுங்கள். மீன் தண்ணீர்க் கறையைக் கணினியில் துடைக்கலாம், கோட்டைத் திருத்தாதீர்கள். செல்போனில் எடுத்து அனுப்புவதானால் ஜன்னல் வெளிச்சத்தில், தாளுக்கு நேர் மேலிருந்து எடுங்கள்.
4. எண்களையும் பெயர்களையும் தொலைபேசியில் மறுபடி சரிபாருங்கள்.
5. வெளிவந்த இதழின் ஒரு பிரதியை வரையப்பட்டவரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். தபாலில் அனுப்பினால் அவர் சொல்லப்போகும் திருத்தம் உங்களுக்குக் கிடைக்காது. தவறு என்று அவர் காட்டினால் அடுத்த இதழில் திருத்தம் போடச் சொல்லுங்கள்.
6. புத்தகத்திலிருந்து தாளைக் கிழித்து விற்கவோ பரிசளிக்கவோ வேண்டாம். எப்போது எங்கே இருந்தீர்கள் என்பதற்குப் பக்கங்களின் வரிசையே சான்று. யாராவது உங்கள் செய்தியை மறுத்தால் காட்ட வேண்டியது அதுதான். தொடங்கிய தேதியையும் முடித்த தேதியையும் அட்டையில் எழுதி, ஈரம் படாத அலமாரியில், ஆண்டு வரிசையில் வையுங்கள்.